வெளுத்த சாளரங்களும் கருங்கழி இளவரசியின் நிபந்தனையும்

திரு நிலைபெறுக. வெண்கோட்டு நாட்டின் ஏரிகள் நிறைக. எல்லைகள் அமைதி காண்க. மலைநாடு முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆளும் பரிதிவேல் மன்னர் பெருமானின் திருவடிகளுக்கு, கருங்கழிக் கோட்டையில் தூதுக்குழுவுடன் தங்கியுள்ள ஓலைநாயகம் பொற்காரி வணங்கி விடுக்கும் ஓலை. நம் படையை ஆற்றங்கரையிலேயே நிறுத்தி வைத்து, இதனை முழுவதும் கேட்டருள்க.

இளவரசருக்கு மணம் பேச நாம் அனுப்பிய சிற்றுரு, மணமகள் வாழப்போகும் மாளிகையை முழ அளவில் வடித்தது, நேற்றுக் காலை இவ்வவையில் திறக்கப்பட்டது. பெண் கொடுக்குமுன் இத்தகைய உருவைக் கேட்டுப் பெற்று, உள்ளே விளக்கேற்றி, ஒவ்வொரு சாளரத்தின் வழியாகவும் மணமகளே பார்ப்பது கருங்கழியார் வழக்கம். கருங்கழி மன்னரின் தமக்கையை மணந்து கொண்டுபோன வேற்று நாட்டார், சாளரமற்ற அறையில் அவரை அடைத்து வைத்தனர். அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. அன்று தொடங்கிய வழக்கம் இது.

நம் தூதர் மழவதரையர் பேழையின் முத்திரையை உடைத்தார். மூடி விலகியதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒளி ஊடுருவும் அப்பிரகத் தகடு பதித்த சாளரங்கள் யாவும் உட்புறம் பால் தடவினாற்போல் வெளுத்துக் கிடந்தன.

கருங்கழி மன்னர் எழுந்தார். எந்த அறையை மறைக்க இந்தத் திரை என்று வினவினார். விளக்கு வைக்கும் நேரத்திற்குள் சாளரங்கள் தெளியாவிடில் மணமும் இல்லை, நட்பும் இல்லை என்றார். அக்கரையில் நிற்கும் நம் படைக்குத் தாமே நேரில் விடை சொல்வதாக அறிவித்தார். வாயில்கள் சாத்தப்பட்டன.

அம்பு மழைக்கும் அசையாத மழவதரையருக்கு, அச்சிறு சாளரங்களின் முன் வியர்த்துக் கொட்டியது. மேலாடை நுனியை நனைத்துத் துடைக்கப் போனார். சிற்றுருவைச் செய்த தச்சர் நம்பன் கூத்தன் அவர் கையைப் பற்றித் தடுத்து, ஈரத்தால் இது போகாது, அழுத்தினால் தகடு ஏடேடாக உரியும் என்றார். தூதரின் கையைத் தச்சர் பிடிப்பது முறையன்று. அந்நேரம் முறை பார்க்க எவருக்கும் மனமில்லை.

நடந்தது இதுவே. வழியில் வண்டி குலுங்கி ஒரு சாளரம் கழன்றது. தச்சர் குங்கிலியப் பிசினை உருக்கி ஒட்டி, காய விடுமாறு வேண்டினார். முத்திரையின்றிப் பேழை எல்லை தாண்டலாகாது என்ற நம் அரண்மனை விதியைக் காட்டி, தூதர் அப்போதே சிற்றுருவின் கூரையை மூடுவித்துப் பட்டு சுற்றி அரக்கு வைத்தார். வெளியேற வழியற்ற பிசின் ஆவி, தகடுகளில் படிந்து உறைந்தது. இதனை மழவதரையர் அவையறியச் சொன்னார். தச்சர் தலையில் பழியைக் கட்டவில்லை.

கூரை கழற்றப்பட்டது. ஈர்க்கு நுனியில் பஞ்சு சுற்றி, நல்லெண்ணெய் தொட்டு, பார்வைக்கு எட்டாத பின்கட்டுச் சாளரத்தில் தச்சர் முதலில் தடவிப் பார்த்தார். வெண்மை விலகியது, தகடும் கெடவில்லை. எங்களுக்குப் போன மூச்சு திரும்பியது. ஏனையவற்றையும் அவ்வாறே துலக்கி, உலர்ந்த பட்டால் எண்ணெயை ஒற்றியெடுத்தார். கழன்ற சாளரத்தின் குங்கிலியத்தைச் சுரண்டிவிட்டு, ஆவி எழாத புளியங்கொட்டைப் பசையால் ஒட்டினார். உலரும்வரை கூரையை மூடாமல் தூதரே விசிறினார். வெயில் இறங்க இறங்க வீச்சு வேகமெடுத்தது. சாளரமே பறந்துவிடும் என்று தச்சர் மெல்லச் சொல்ல வேண்டியதாயிற்று.

விளக்கு வந்தது. இளவரசி தாழைநங்கை அதனை உள்ளே வைத்து, சாளரம் சாளரமாகக் குனிந்து பார்த்தார். ஒளி எங்கும் தடையின்றி வந்தது. மன்னர் அமர்ந்தார். பிழைத்தோம் என்றே எண்ணினோம்.

இளவரசி நிமிரவில்லை. ஒரு சாளரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்து, மாளிகையிலும் இவை திறவாதனவோ என்று வினவினார். பொய்யைப் பக்குவமாகச் சொல்வதில் தலை நரைத்தவர் மழவதரையர். ஆயினும் நேற்று, திறவா என்றே விடை கூறினார். காற்றுக்கு வழியின்றிச் சிறிது பிசின் ஆவியே இவ்வளவு செய்யுமாயின், அம்மாளிகையில் ஆயுள் முழுதும் மூச்சுவிடப் போகிறவர் தாம் என்பதை நினைவிற் கொள்ளுமாறு இளவரசி கூறினார். கருங்கழி மன்னர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அழுததை நாங்கள் கண்டோம்.

ஆதலின், மாளிகைச் சாளரங்கள் அனைத்தும் கீல் பொருத்தித் திறக்குமாறு மாற்றப்படுக. தாழ்ப்பாள் உட்புறம் மட்டுமே இருத்தல் வேண்டும். அப்பணி முடியும்வரை மணமகளின் பல்லக்குப் புறப்படாது; பணி நிறைவேறும் என்பதற்குப் பிணையாகத் தாம் இங்கேயே இருப்பதாக, பெருமானைக் கேளாமலே மழவதரையர் வாக்களித்துவிட்டார்.

கோல் செழிக்க, குடி தழைக்க. கீழே உள்ள இலச்சினை தாழைநங்கையார் தம் கையால் இட்டது. இதனை விண்ணப்பமென்று எழுதவே அடியேன் ஏட்டை எடுத்தேன், அவர் ஒப்பவில்லை. நம் நாட்டுக்கு அரசியாக வரப்போகிறவரின் முதல் ஆணை இது.