அப்பாவின் முட்டிவலிக்கும் ஆமென்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்?

ஆஸ்பத்திரித் துணிகளை மடிக்கும்போது பாட்டு முணுமுணுப்பதால் இங்கே எனக்குப் பாஸ்டர் என்று பட்டப்பெயர். நேற்று இங்கே சலவை வண்டி ஓட்டும் தம்பி ஒருவன் ஓடிவந்தான். ஊரில் அவன் மனைவிக்கு ஆபரேஷனாம். "அண்ணே, ஒரு ஜெபம் பண்ணுங்கண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

எனக்கோ மாதக்கணக்கில் ஜெபமே வரவில்லை. முழங்கால் போட்டால் மனசு எங்கெங்கோ ஓடுகிறது. வேறு வழியில்லாமல் கண்ணை மூடினேன். அவன் மனைவிக்காக ஜெபித்த பிறகு, பழக்கதோஷத்தில் நம் வீட்டுக் குடும்ப ஜெபமே வந்துவிட்டது! அப்பாவின் முட்டிவலி, அத்தையின் சர்க்கரை, தங்கச்சியின் பரீட்சை, எல்லாவற்றுக்கும் அவன் ஆமென் சொன்னான். முகம் தெளிந்து வேலைக்குப் போனான்.

இன்று சிரித்தபடி வந்தான். "அவ கண்ணு முழிச்சிட்டாண்ணே. உங்க அப்பா முட்டி எப்படி இருக்கு?" என்றான். எனக்குத் தெரியவில்லை. உடனே எழுதுங்கள். என் பழைய பாட்டுப்புத்தகத்தை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

மெஷின் நின்றுவிட்டது, கூப்பிடுகிறார்கள். அம்மா, தங்கச்சிக்கு அடுத்து நம் ஜெபத்தில் என் பெயர்தானே வரும்? அந்த இடம் வந்ததும் என் பெயரைச் சொல்லாமலே ஆமென் என்று முடித்துவிட்டேன். அதை மட்டும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகன்