கவிநிலாவின் எடை ஏன் ஏறவில்லை

அன்பு மகள் சிந்துஜாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌகரியமாக இருக்கிறோம், அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் மழைக்கு எட்டிப் பார்க்கிறது, பாரீசில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது. போனில் நீ மெட்ரோவுக்கு ஓடிக்கொண்டே பேசுகிறாய், இந்த விஷயத்தை அப்படிச் சொல்ல முடியாது.

பாகூர் பக்கம் என் அங்கன்வாடியில் கவிநிலா என்று இரண்டு வயதுக் குழந்தை, எடை எட்டு கிலோ இருநூறு, மூன்று மாதமாக அதிலேயே நிற்கிறது. அவள் அம்மா வேம்பு விடிந்ததும் ஆடு ஓட்டிக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் வருவாள், குழந்தையின் அப்பா மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடியோடு கிடக்கிறார், அதுவரை குழந்தை வேம்புவின் மாமனார் ராமலிங்கத்திடம். வீட்டில் கறவை மாடும் இருக்கிறது. பாலையெல்லாம் டிப்போவுக்கே ஊற்றிவிடுகிறாயா என்று நான் வேம்புவைக் கேட்டுவிட்டேன், அவள் முகம் சுருங்கிவிட்டது. “பாலும் வச்சிட்டு, சோறும் பெசஞ்சி வச்சிட்டுத்தான் போறேன் டீச்சர், எங்க போவுதுன்னு எனக்கே தெரியல” என்றாள். டாக்டரும் பார்த்துவிட்டு, ரத்தம் குறைவு, வேறு நோய் இல்லை என்றார். அப்படியானால் அந்தச் சோறு எங்கே போகிறது? ஒன்று புரியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது, உனக்குத்தான் தெரியுமே.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சொல்லாமல் போய் நின்றேன். வாசலில் ஓர் ஆட்டுக்குட்டி கிண்ணத்தில் பருப்புச் சோற்றை நக்கிக்கொண்டிருந்தது, உள்ளே குழந்தை புட்டிப்பால் குடித்துக்கொண்டிருந்தாள், அதில் பாதிக்கு மேல் தண்ணீர். கோபத்தில் நான் வாய் திறக்குமுன் பெரியவரே சொல்லிவிட்டார். “ஒருநா ஊட்டும்போது தொண்டையில அடச்சிக்கிச்சிம்மா, கண்ணு சொருவிடுச்சி, முதுகுல தட்டித் தட்டித்தான் எடுத்தேன். அதுலேர்ந்து சோத்த ஊட்டவே பயம், குட்டிக்கு வச்சிடுறேன். மருமவகிட்ட சொன்னா பிள்ளய எங்கிட்ட வுடமாட்டா.” வைத்த பாலையும் புட்டியில் தண்ணீர் கலந்து நாள் முழுக்கக் கொடுத்திருக்கிறார், அதிலேயே வயிறு நிரம்பிவிடுகிறது.

இதை மறைக்கக் கூடாது என்றேன், வேம்பு வரும்வரை கூடவே உட்கார்ந்திருந்தேன், அவர் வாயாலேயே சொன்னார். அவள் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்து, “இத்தன நாளும் தனியா பயந்துகினு இருந்தீங்களா மாமா” என்றுதான் கேட்டாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அன்று கேட்ட கேள்விக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாளிலிருந்து மத்தியானம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கன்வாடிக்கே வந்துவிடுகிறார். நிமிர்ந்து உட்காரவைத்து, குழைய மசித்து, முட்டையும் சேர்த்து முதல் வாரம் நான் ஊட்டினேன், ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் அவர் குழந்தையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் ஸ்பூனை அவர் கையில் கொடுத்தேன். ஆறு வாரம் ஆகிறது, போன வெள்ளிக்கிழமை எட்டு எழுநூறு. இன்னும் ஏற வேண்டும். என் நோட்டில் எடை ஏறாத பிள்ளைகள் இன்னும் நாலு பேர், இத்தனை வருஷமும் எடையைத்தான் எழுதினேனே தவிர மத்தியானம் யார் ஊட்டுகிறார்கள் என்று ஒரு வீட்டிலும் கேட்டதில்லை. நாளைக்கு அந்த நாலு பேரில் முதல் பிள்ளையின் வீட்டுக்குப் போகிறேன்.

மாப்பிள்ளையும் நீயும் குறைவில்லாமல் வாழ அம்மா அப்பாவின் ஆசீர்வாதம். காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போ.

உன் அம்மா,
நிர்மலா
முதலியார்பேட்டை