பிரித்த தையல்

டில்லி மெட்ரோ ரயில் சென்ட்ரல் செக்ரடேரியட் வரை வந்த வருஷம், ஆடி வெள்ளி.

இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனில் பாதியாக இளைத்த என் மகள் செல்வி, அப்போது பிடித்துத் தைத்த ரவிக்கையையெல்லாம் அன்று பிரித்துக்கொண்டிருந்தாள்.

"துணி சுருங்கிடுச்சுப்பா."

"துணியா? டம்ளர் டம்ளரா பாயசம் குடிக்கிறியே!"

"தண்ணி ஆகாரம்தானே டாக்டர் சொன்னார்?"

"அது ஆபரேஷன் ஆன புதுசுலம்மா."

ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "திட்டாதீங்கப்பா. உடம்பு திரும்பப் போடுது, எனக்கே பயமாயிருக்கு. டாக்டர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"நாளைக்கு நானும் வர்றேன்."

"அச்சா, சரிப்பா, பார்க்கலாம்" என்றாள். வருவாளா, தெரியவில்லை. இதே பருமனும் சர்க்கரையும்தான் அவள் அம்மாவைக் கொண்டுபோயின. பிறகு அவள் அண்ணன்கள் இருவரையும். மூன்று பேரும் இறந்த கிழமைகூட எனக்கு மறக்கவில்லை. இனி எனக்கென்று உயிரோடு இருப்பது செல்வி மட்டும்தான்.