கொழுப்பை வடிக்கும் பக்குவம்

என்னவருக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைக் கடவுள்தான் மன்னிக்க வேண்டும். உங்கள் கப்பலில் சேரப்போகும் எலக்ட்ரீஷியன் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே பாப்பா வரைந்த படம் ஒன்று இருக்கிறது. அதில் பூசணிக்காய் மாதிரி இருப்பது நீங்கள்தான்.

வீட்டில் குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பிளம்பர் நாளைக்கு வரேன், நாளைக்கு வரேன் என்று டிமிக்கி கொடுக்கிறார். உங்கள் எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாலும் பாப்பா இழுத்துவந்து ஏறி நிற்கிறாள். அப்பா எப்ப வருவாருன்னு இதுல தெரியுமா என்று கேட்கிறாள். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே நீங்கள் அதில் ஏறி, கிளம்பும் நாளைப் பற்றிப் பேசியதைப் பார்த்தவள்தானே.

அடுத்த துறைமுகத்தில் கம்பெனி டாக்டர் பார்ப்பார், எடை குறைந்திருந்தால்தான் இன்னொரு தவணைக்கு வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதனால் கோழி வாட்டும் முறையைக் கப்பல் சமையல்காரருக்கு எழுதி அனுப்பு என்கிறீர்கள். இதைக் கேட்க உங்களுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?

சரி, எழுதுகிறேன். கோழித் தொடையைத் தயிர், பூண்டு, மிளகுத்தூள், எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்க வேண்டும். தோலை முதலில் உரிக்கக் கூடாது, கறி வறண்டுவிடும். ஓவனில் கம்பித்தட்டின் மேல் கறியை வைத்து, கொழுப்பு சொட்ட அடியில் ஒரு தட்டு வைக்க வேண்டும். பாதி வெந்ததும் தட்டில் தேங்கிய கொழுப்பை வடித்துக் கொட்டிவிட்டு, அதே தட்டில் கேரட், காலிஃபிளவர், குடைமிளகாய், வெங்காயத்தைப் பரப்பி மறுபடி உள்ளே தள்ள வேண்டும். காய் ஓரம் கருகினால்தான் ருசி. தோலைச் சாப்பிடும்போது உரித்தால் போதும். நீங்கள் திருட்டுத்தனமாக வாயில் போடாமல் சமையல்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே இருந்தவரை நான் பார்த்துக்கொண்டேன்.

போன முறை டாக்டரிடம் தேறாவிட்டால் கரையிலேயே படகுப் பட்டறை வேலைக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தீர்கள். நினைவிருக்கிறதா? சோதனைக்கு முந்தைய ராத்திரி, கொழுப்புத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியருகில் நின்றேன். இதைக் காயின் மேலேயே ஊற்றிவிட்டால் என்ன என்று தோன்றியது. நீங்கள் கூடத்தில் பாப்பாவை முதுகில் ஏற்றிக்கொண்டு யானை விளையாடிக்கொண்டிருந்தீர்கள். ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் எடை ஏறிவிடாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் தோன்றியது. தொட்டியிலேயே கொட்டிவிட்டேன்.

மறுநாள் நீங்கள் போனில், தேறிட்டேன், எல்லாம் உன் கைப்பக்குவம்தான், டாக்டரே யார் சமையல்னு கேட்டாரு என்று குதித்தீர்கள். சந்தோஷம் என்றேன். பொய். உங்களைக் கப்பலேற்றியது கம்பெனி இல்லை, நான்தான். பார்த்துப் பார்த்துச் சமைத்து, என் கையாலேயே அனுப்பிவைத்தேன். கொஞ்சம் மோசமாகச் சமைத்திருக்கலாம். இப்போது அந்த ஓவனுக்குள் பழைய பாத்திரங்களைத்தான் அடுக்கி வைத்திருக்கிறேன். எனக்கும் பாப்பாவுக்கும் மட்டுமாக அதைச் சூடாக்க மனசு வரவில்லை.

கேட்டதை ஒன்றுவிடாமல் எழுதிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். என்றைக்காவது அந்தச் சமையல்காரர் கொழுப்பை வடிக்க மறந்துவிட்டால், தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி