தமிழ்ல சொல்லட்டா

ஞாயிறு, அமாவாசை.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில், மேல்மலையனூர் போகும் கூட்டத்துக்கு நடுவே செல்வியைப் பார்த்தேன். எங்கள் மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம் படிப்பவள். பக்கத்தில் பெட்டி, படுக்கை, அவள் அப்பா.

"படிப்பே வாணாம்னு வந்துட்டா மேடம். இன்னாத்துக்குன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா. உங்ககிட்ட எதுனா சொன்னாளா?"

"இல்லீங்க" என்றேன். சொல்லத்தான் வந்தாள். நான் விடவில்லை.

போன மாதம் என் மனநல வகுப்பில், மனதை அழுத்தும் ஒன்றை ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும் என்றிருந்தேன். அவள் எழுந்து, "தமிழ்ல சொல்லட்டா மேடம்?" என்றாள். இங்கிலீஷில் பேசுவதும் ஒரு திறன்தான், முயற்சி செய் என்றேன். தலையாட்டினாள். பிறகு, "ஐ ஆம் ஃபைன், மேடம்" என்றாள். பிழையே இல்லை என்று பாராட்டி, வகுப்பையே கைதட்ட வைத்தேன். நானும் இங்கே பக்கத்தில் அனந்தபுரத்தில் தமிழ் வழியில் படித்தவள்தான். எனக்கெல்லாம் எதற்கு மனநல வகுப்பு எடுக்கும் வேலை?

அவர்கள் ஏற வேண்டிய வல்லம் பஸ் வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா ஆச்சு? தமிழ்லயே சொல்லு" என்று கேட்டேன்.

"ஐ ஆம் ஃபைன், மேடம்."

இந்த முறையும் பிழையே இல்லை.