காலையில் தமிழ், மதியம் ஆங்கிலம்

1999 ஜூன் 7, திங்கள்

விடியும்போதே அனல். கொடியில் கிடந்த வெள்ளைச் சேலையில் சுரங்கத்துக் கரித்தூள். மறுபடி அலசல்.

கல்லூரியில் நேர்முகம், தமிழ்த்துறை. நடுவில் இருந்தவர் என் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் புரட்டினார். ஒப்பிலக்கியம்; தமிழ், மலையாளம், தெலுங்குத் தாலாட்டுகள். "இதுல தமிழ் மூணுல ஒரு பங்குதானேம்மா" என்றார். ஆய்வு ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கிலத்துறையைப் பார்க்கலாமாம். அங்கும் விண்ணப்பித்திருப்பதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருக்கலாமோ.

திரும்பும்போது பஸ்ஸில் பின் சீட்டில் எங்கள் தெருப் பெண்கள் இருவர். என்னைப் பற்றித்தான். "கல்யாணமே ஆவல, தாலாட்டுல டாக்டராம்." திரும்பிப் பார்க்கவில்லை. கோபமா சிரிப்பா, எனக்கே தெரியவில்லை.

வாங்க: உப்பு, சொட்டு நீலம், அப்பாவுக்கு பி.பி. மாத்திரை.

9, புதன்

ஆங்கிலத்துறை நேர்முகம். மரியாதையாக நடத்தினார்கள். டீ கூட. இதில் ஆங்கில இலக்கியம் எங்கே என்று கேட்டார்கள். எங்குமில்லை. தமிழ்த்துறைக்கு முயலலாமே என்றார் ஓர் அம்மா, அன்பாகத்தான். போய்விட்டு வந்தேன் என்றேன். அவருக்குச் சங்கடம். எனக்கும்.

வீட்டில் சொல்லவில்லை.

12, சனி

அம்மா திருவதிகையில் வாடகை வீடு பார்த்து வந்தாள். இம்மாதக் கடைசியில் அப்பா ரிட்டயர்டு. அதன்பின் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். என் புத்தகங்களுக்காக ஓர் அறை கூடுதலாகக் கேட்டாளாம். பொண்ணு எவ்வளவு நாள் உங்ககூட இருக்கும் என்றாராம் வீட்டுக்காரர்.

மதியம் அப்பா ஷிப்ட் முடிந்து வந்தார். பெண் புரொபசர் ஆகிவிட்டாள் என்று மைன்ஸ் முழுக்கச் சொல்லியாயிற்று போலிருக்கிறது.

"தமிழா இங்கிலீஷா பாப்பா? கேக்கறவங்களுக்கு நான் என்னான்னு சொல்லிக்கினு இருக்கறது?"

இரண்டும் இல்லையப்பா என்றேன். சட்டையைக் கழற்றப் போனவர் பட்டனில் கை வைத்தபடி நின்றார்.

"ரெண்டும் தெரிஞ்சதாலதான் ஆவலங்கறியா?"

ஆமாம் போலவும் இருந்தது, இல்லை போலவும். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேனோ. சாப்பிடும்போது எனக்கு மட்டும் அப்பளம் எடுத்து வைத்தார்.

14, திங்கள்

கல்லூரியிலிருந்து போன். முதல்வரே பேசினார். இரண்டு துறையிலும் ஆள் குறைவு. காலையில் தமிழ், மதியம் ஆங்கிலம், இந்த ஒரு வருடத்துக்கு. சரிங்க சார் என்றேன். வைத்த பிறகுதான் யோசனை. காத்திருந்தால் வெளிமாநிலத்தில் ஒப்பிலக்கியத் துறையிலேயே இடம் வரும் என்று என் ஆய்வு வழிகாட்டி சொல்லியிருந்தார். எவ்வளவு காலம் என்று அவரும் சொல்லவில்லை.

அம்மா மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். நானும் சந்தோஷமாக இருக்க வேண்டும்.

21, திங்கள்

மேகம், மழை இல்லை. முதல் நாள். தமிழ்த்துறையில் என்னை இங்கிலீஷ் மேடம் என்கிறார்கள். ஆங்கிலத்துறையில் தமிழம்மா. மதியச் சாப்பாடு நூலகத்தில்.

மதிய வகுப்பு. பாடம் ஓர் ஆங்கிலத் தாலாட்டு. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் வீட்டில் எப்படிப் பாடுவார்கள் என்று கேட்டேன். டவுன்ஷிப்பிலிருந்து வரும் தெலுங்குப் பெண் ஜோ ஜோ என்றாள். மலையாளப் பையன் கூச்சத்தோடு வாவாவோ. ஆராரோ என்று நாலைந்து குரல். வகுப்பே சிரித்தது. எனக்குத் தெம்பு வந்தது; இதைத்தானே இத்தனை வருடம் படித்தேன். மூன்றையும் பலகையில் எழுதி, ஒப்பிடுங்கள் என்றேன்.

காடாம்புலியூர்ப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"எங்க வூட்ல யாரும் பாடலைங்க மேடம். அதை எதோட ஒப்பிடறது?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். என் ஆய்வில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அப்புறம் எப்படித் தூங்க வைத்தார்கள் என்றேன்.

"முந்திரி மரத்துல தூளி கட்டித் தம்பியப் போட்டுட்டு அம்மா கொட்டை பொறுக்கும். அம்மா சருகு மேல நடக்கற சத்தம் கேட்டுக்கினே இருக்கும். சத்தம் நின்னா தம்பி முழிச்சிக்கும்."

மணி அடித்துவிட்டது. ஒருவரும் எழவில்லை. நானும் சாக்பீஸை வைக்கவில்லை.