பெஞ்சின் மேல் ஒரு டிஷ்யூ பொட்டலம்

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்
4 மார்ச் 2018

அன்புள்ள அபாங்,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் கைசாராவும் நலம். சிறையில் உங்கள் உடம்பு நன்றாக இருக்கட்டும், கோபம் கொஞ்சம் அடங்கட்டும் என்று தொழும்போதெல்லாம் கேட்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. வேன் சாவி எங்கே, மீன் தொட்டியில் தண்ணீர் மாற்றினாயா, உங்கள் தங்கை மஸ்னா வந்து போனாளா என்று எல்லாவற்றையும் விசாரித்திருக்கிறீர்கள். கட்டிய மனைவியின் மணிக்கட்டைப் பற்றி மட்டும் ஒரு வரி கூட இல்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்வேன். மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஈரத் துணி பிழியும்போது உயிர் போகிறது, மற்றபடி பரவாயில்லை. எப்படி உடைந்தது என்று டாக்டர் கேட்டபோது, தண்ணீரில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன். அந்த ஆளின் தாடையை உடைத்ததற்குத்தான் உங்களுக்குத் தண்டனை. என் கை அந்தக் கணக்கில் வரவில்லை.

குழந்தை ஞாயிற்றுக்கிழமை வந்தால் தண்ணீர் விளையாட்டு வேண்டும் என்று உயிரை எடுக்கிறாள். காசு வாங்காமல் குளிக்க விடும் இடம் இந்த ஊரில் எங்கெங்கே இருக்கிறது என்று வேனில் கடை கடையாகப் பொருள் கொண்டு போய்ப் போட்ட உங்களுக்குத்தான் தெரியும். நான் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறித் தேடுகிறேன். பழைய இடத்துக்குப் போக எனக்கு முகம் இல்லை. அங்கே தரையைக் கழுவியிருப்பார்கள். ஆனால் சிவந்து ஓடிய தண்ணீரும், அதைப் பார்த்து அலறிய பிள்ளைகளும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இப்போது பொங்கோல் பக்கம் ஒரு கடைத்தொகுதியின் மொட்டை மாடியில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. உயரத்தில் ஒரு பெரிய மஞ்சள் வாளி. அது நிரம்பியதும் மணி அடிக்கும். பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்து கீழே நிற்பார்கள், வாளி தடாலென்று கவிழும். அந்த வாளியாவது கவிழ்வதற்கு முன் மணி அடிக்கிறது, அபாங்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெஞ்சில் என் பக்கத்தில் கைசாரா ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்தாள். "யாருக்குடி இடம் பிடிக்குற?" என்று கேட்டேன். "அபாவுக்கு. யாராச்சும் உக்காந்துடுவாங்கல்ல?" என்றாள். அப்பா வருவார் என்று இடம் பிடிக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்கள்
சுரைனி


16 மார்ச் 2018

என் அன்பு ஐனி,

வ அலைக்கும் ஸலாம். குழந்தை பொட்டலம் வைத்ததைப் படித்ததும் இந்த நாற்றம் பிடித்த அறையில் எழுந்து நின்று சிரித்தேன். என் மகள் என்றால் என் மகள்தான்.

உன் கை விஷயம். நான் உன்னை அடிக்கவில்லை. அவனை அடித்துக்கொண்டிருந்தேன், நீ குறுக்கே வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாய், நான் உதறினேன். உன்னை யார் வரச் சொன்னது? இதை ஒவ்வொரு கடிதத்திலும் இழுக்காதே.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கும் தெரியும். பொட்டலம் வைத்தால் இடம் வைத்தவனுக்கு. இந்த ஊரில் இது தெரியாத ஆள் உண்டா? இடி மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதித் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், எல்லாரும் கூரைக்கடியில் ஓடி வந்தார்கள். நான் கைசாராவைத் துவட்டித் தூக்கி வருவதற்குள் அவன் நம் பொட்டலத்தைத் தரையில் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கு, "ஏன்யா, டிஷ்யூ வெச்சா பெஞ்சு உன் பேருக்கு எழுதியாச்சா?" என்று சிரித்தான். என் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது சிரித்தான். முதல் அடி அதற்குத்தான். அவன் விழுந்த பிறகு நீர்க்குழாய்த் தூணில் தலையைப் பிடித்து மோதியது கொஞ்சம் அதிகம் என்று வழக்கறிஞர் சொன்னார். அவர் சொல்வார். அவர் பிள்ளை முன்னால் யாரும் சிரிக்கவில்லையே.

இங்கேயும் அப்படித்தான். போன வாரம் ஒருவன் என் மீன் துண்டை எடுத்தான். அவன் விரல் இரண்டில் இப்போது கட்டு. அதற்காக என்னைத் தனியறையில் போட்டார்கள், அதனால்தான் கடிதம் தாமதம்.

ஜூரோங் பக்கம் பூங்காவுக்குள் ஓர் இடம் இருக்கிறது, அங்கே அழைத்துப் போ. நிழல் உண்டு. திங்களன்று கழுவி விடுவார்கள், அன்று போகாதே. அவளுடைய எவர்சில்வர் தண்ணீர் போத்தலை மறக்காமல் எடுத்துப் போ. நான் வாங்கிக் கொடுத்தது.

உன்
பஹ்ரின்


உட்லண்ட்ஸ்
24 ஜூன் 2018

அன்புள்ள அபாங்,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்து. தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மஸ்னா வீட்டில் லொந்தோங் சோறு சாப்பிட்டோம். பச்சை உடையில் கைசாரா உங்களையே உரித்து வைத்த மாதிரி இருந்தாள். மஸ்னா அதைச் சொன்னபோது நானும் சிரித்தேன். அடுத்த ஞாயிறு சிரிப்பு போய்விட்டது.

நீங்கள் சொன்ன ஜூரோங் இடத்துக்குத்தான் போனோம். வழக்கம் போல என் பக்கத்தில் பொட்டலம் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். ஒரு சின்னப் பையன், அவள் வயதுதான் இருக்கும், மூக்கு ஒழுகி வந்தவன், பொட்டலத்தைப் பிரித்து ஒரு தாளை எடுத்தான். "எடுத்துக்கப்பா" என்று நானே சொன்னேன். சொல்லி வாயை மூடவில்லை, இவள் எங்கிருந்து வந்தாள் என்றே தெரியவில்லை. எவர்சில்வர் போத்தலை வாரோடு சுழற்றி அவன் வாயில் அடித்தாள். பிள்ளை மல்லாந்து விழுந்தான். விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து மறுபடி அடித்தாள். உதடு கிழிந்து தொங்குகிறது, ஒரு பல் கீழே கிடக்கிறது. இவள் வாயிலிருந்து வந்த வார்த்தை என்ன தெரியுமா? "எங்க இடம்! எந்திரிடா நாயே, எங்க இடம்!" அன்று நீங்கள் கத்தியதே, அதே வார்த்தை, அதே குரல்.

நான் அவளை இழுத்துக் கன்னத்தில் அறைந்தேன். ஒன்றோடு நிறுத்தவில்லை. அந்தப் பையனின் தாய் தன் பிள்ளையை அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள், "இப்ப புரியுது, இது எங்கேர்ந்து கத்துக்கிச்சுன்னு." என்னைச் சொன்னாள், அபாங். என்னை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

இனிப் பொட்டலம் வைக்கக் கூடாது என்று வீட்டில் சொன்னேன். இரவெல்லாம் தேம்பித் தேம்பி அழுதாள். "அப்போ அபா வந்தா எங்க உக்காருவாரு?" என்கிறாள். என்னால் முடியவில்லை, வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களைப் பற்றி மட்டும் பயந்துகொண்டிருந்தேன், இப்போது இவளையும் பார்த்துப் பயம்.

சுரைனி


5 ஜூலை 2018

ஐனி,

என் மகள் மேல் கை வைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? அவள் செய்தது அதிகம்தான், சின்னப் பையன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதற்குச் செய்தாள்? அப்பன் இடத்தைக் காப்பாற்றச் செய்தாள். வீட்டில் அந்த எண்ணம் உள்ள ஒரே ஆள் அவள். நீயோ ஊரில் போகிற வருகிறவனுக்கெல்லாம் "எடுத்துக்கப்பா" என்கிறாய்.

இன்னொரு முறை அவளை அடித்தாய் என்று கேள்விப்பட்டால், நான் வந்ததும் அதற்குத் தனியாகக் கணக்கு உண்டு. அக்டோபர் கடைசியில் விடுகிறார்கள். வீட்டுப் பூட்டை மாற்றியிருப்பதாக மஸ்னா சொன்னாள். என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய்?

கோபத்தில் எழுதிவிட்டேன், தாளைக் கிழிக்க மனமில்லை. இங்கே தாள் கிடைப்பதே பெரிய பாடு. உன் சமையலை நினைத்தால் கண் கலங்குகிறது. குழந்தைக்கு முத்தம்.

பஹ்ரின்


உட்லண்ட்ஸ்
14 அக்டோபர் 2018

அன்புள்ள அபாங்,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் போன கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் "கணக்கு உண்டு" என்ற வரியில் கண் நின்றுவிடும்.

பூட்டை மாற்றியது உண்மை. வெளியே வந்ததும் மஸ்னா வீட்டில் தங்குங்கள். நேரே இங்கே வர வேண்டாம். நான் உங்களை வெறுத்துவிடவில்லை. வெறுத்திருந்தால் வேலை எவ்வளவோ சுலபம். உங்களோடு வாழத்தான் ஆசை. ஆனால் நீங்கள் கை ஓங்காமல் இருப்பீர்கள் என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும். வாய்ச்சொல் நிறையக் கேட்டாயிற்று.

நவம்பர் முதல் ஞாயிறு மாலை, பொங்கோல் மாடிக்கு வாருங்கள். மஞ்சள் வாளி இருக்கும் இடம். நாலு பேர் இருக்கும் இடமாக இருக்கட்டும் என்றுதான் அதைச் சொல்கிறேன். பெஞ்சில் பொட்டலம் இருக்கும். உட்காருங்கள், குழந்தையோடு பேசுங்கள். அவளிடம் நீங்கள் வருவதைச் சொல்லவில்லை, சொன்னால் தூங்க மாட்டாள். அன்று எல்லாம் நல்லபடியாக நடந்தால் அடுத்த ஞாயிறும் வாருங்கள். அப்படியே ஒரு நாள் வீட்டுக்கும் வரலாம். உங்களுக்குப் பிடித்த மீன் புளிக்குழம்பு வைப்பேன்.

உங்கள்
சுரைனி


உட்லண்ட்ஸ்
6 நவம்பர் 2018

பஹ்ரின் அவர்களுக்கு,

இதை மஸ்னாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அன்று நடந்ததை வேறு யாரும் உங்களிடம் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது, அதனால் நானே எழுதுகிறேன்.

நீங்கள் சீக்கிரமே வந்து கழிவறைப் பக்கத் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தது எனக்குத் தெரியாது. வந்தவர் நேரே வந்து உட்கார்ந்திருக்கலாம். யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று வேவு பார்த்தீர்களா, வெட்கமா, எனக்குத் தெரியவில்லை.

சங்கு ஊதியது. தண்ணீரை நிறுத்தினார்கள். எல்லாரும் கூரைக்கடியில் முண்டியடித்தார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார், கால் நடுங்கியது, சுற்றிலும் பார்த்தார். உங்கள் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நகர்ந்தார். நான்தான் கூப்பிட்டேன். "வாங்க அங்கிள், உக்காருங்க. வர்றவங்க வந்தா நான் எந்திரிச்சுக்கிறேன்" என்றேன். பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். நீங்கள் வந்தால் என் இடத்தில் உங்களை உட்கார வைக்கலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

அடுத்து என் முடி உங்கள் கையில் இருந்தது. "என் இடத்தை யாருக்குடி தூக்கிக் குடுக்குற?" என்று கேட்டீர்கள். பெஞ்சிலிருந்து தரைக்கு இழுத்தீர்கள். எழுந்து தடுத்த பெரியவரைக் குழந்தையோடு தள்ளினீர்கள். நல்லவேளை சுவர் இருந்தது, சாய்ந்துகொண்டார். பிறகு என் மணிக்கட்டை, அதே மணிக்கட்டை, முறுக்கினீர்கள். உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. உங்களுக்கும் கேட்டிருக்கும்.

கைசாரா உங்களைப் பார்த்தாள். "அபா!" என்றாள். இத்தனை மாதம் இடம் பிடித்து வைத்தவள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் தரையில் கிடந்தபடி பார்த்தேன். அது என் கையைப் பார்த்ததும் போனதையும் பார்த்தேன். பிறகு போத்தலைச் சுழற்றினாள். உங்கள் நெற்றி பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். நீங்கள் என்னை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அவள் அம்மாவுக்காக இரண்டாவது அடிக்கு ஓங்கிக்கொண்டே கத்தினாள், "எங்க இபு! விடுடா நாயே, எங்க இபு!"

ஓங்கிய கையை நான் என் நல்ல கையால் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "போதும்டா, போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரமோ. போத்தல் அவள் கையிலிருந்து தானாக விழும் வரை சொன்னேன். அந்த ஒன்றை நான் சரியாகச் செய்தேன்.

இந்த முறை டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். போலீசாரிடமும் சொன்னேன். நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்டிருக்கிறேன். நீங்கள் எங்கள் அருகில் வரக் கூடாது. இந்த ஊரில் பிள்ளைகள் காசில்லாமல் நனைய எத்தனையோ இடம் இருக்கிறது. எந்த ஞாயிறு எங்கே போவோம் என்று இனி நான் எழுத மாட்டேன். தேடாதீர்கள்.

அந்தப் பொட்டலத்தை அவளே குப்பையில் போட்டாள். நான் சொல்லவில்லை.

சுரைனி


மஸ்னா வீடு, பெடோக்
19 நவம்பர் 2018

சுரைனி,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை மஸ்னாதான் கொண்டு வருவாள். படிக்காமல் கிழித்தாலும் சரி.

போலீசார் ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். நீதிமன்றத் தாளும் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். விசாரணையில் நீ என்ன சொன்னாலும் மறுக்க மாட்டேன்.

நெற்றியில் தையல் போட்டார்கள். எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். வயசுப் பெண், உன்னை மாதிரி நேராகக் கண்ணைப் பார்த்துக் கேட்டது. என் பிள்ளை அடித்தாள் என்று எப்படிச் சொல்வேன்? தண்ணீரில் வழுக்கி விழுந்தேன் என்றேன். அந்தப் பெண் ஊசியை நிறுத்திவிட்டு, "இத நெறைய பேர் சொல்றாங்க. பெரும்பாலும் பொம்பளைங்கதான்" என்றது. அப்புறம் தைத்து முடித்தது.

போன ஞாயிறு மழை இல்லை, நல்ல வெயில். எந்த மாடியில் இருப்பீர்கள் என்று மூன்று இடம் மனதில் தோன்றியது. காலணி போட்டுக்கொண்டு வாசல் வரை போனேன். திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

கைசாராவின் போத்தல் நசுங்கியிருக்கும். வேறு வாங்கிக் கொடு. பிளாஸ்டிக்கில் வாங்கு.

பஹ்ரின்